பின்வாசலில் கொள்முதல், முன்வாசலில் விற்பனை

உலகத்தின் ஞாபகசக்தி ஒரு காலத்தில் வேங்கிக்காலில், பஞ்சர் கடைக்கு மேல் மாடியில் உற்பத்தியாயிற்று என்பதைச் சரித்திரம் அடியோடு மறந்துவிட்டது. ஜப்பானையும் தைவானையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், 1999ஆம் ஆண்டு திருவண்ணாமலையில் உதித்த 'மறவேல் செமிகண்டக்டர்ஸ் பிரைவேட் லிமிடெட்' பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. பொறாமைதான் காரணம். அந்த நிறுவனத்தில் கொள்முதல் அதிகாரியாகவும் விற்பனை அதிகாரியாகவும் ஒரே சம்பளத்தில் பணியாற்றும் பேறு பெற்ற பிரகாஷ், பி.காம். என்கிற நான், இந்தக் குறையைப் போக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் நிறுவனரும் நிர்வாக இயக்குநருமான அன்பரசன் அவர்கள் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருந்தவர். யூரியாவில் உப்பு கலந்திருக்கிறது என்று விவசாயிகள் சிலர், பயிர் கருகிய ஒரே காரணத்துக்காக, வதந்தி கிளப்பினார்கள். மனம் நொந்த அவர் பெங்களூரில் நடந்த கம்ப்யூட்டர் கண்காட்சிக்குப் போனார். போகும்போது வெறுங்கையோடு போனவர், திரும்பும்போது ஒரு துணிப்பையும் இரண்டு பேனாக்களும் ஒரு 'தொலைநோக்கு'ம் கொண்டுவந்தார்.

"பிரகாஷு, இனிமே உரம் கிடையாது. மெமரிதான்" என்றார். "கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பட்டை இருக்குது. வெரல் நீளந்தான். வெல மட்டும் பசு மாட்டு வெல. தீனி போட வேணாம், சாணி அள்ள வேணாம்."

மூன்றாம் நாளே பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸ் ஒட்டினோம். 'செமிகண்டக்டர் ஆலைக்கு ஆட்கள் தேவை.' மறுநாள் காலை பஞ்சர் கடையிலிருந்து மெயின் ரோடு வரை வரிசை நின்றது. அத்தனை பேரும் பஸ் கண்டக்டர்கள். ஓய்வு பெற்றவர்கள், சஸ்பெண்டு ஆனவர்கள், ஆகப்போகிறவர்கள். எல்லார் தோளிலும் தோல் பை.

முதலில் நின்றவர் வேடியப்பன். "செமின்னா அரைதானே சார்?" என்று கேட்டார். "நான் இத்தினி வருஷமா முழு கண்டக்டரா இருந்தவன். அரை கண்டக்டர் வேலைய மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டு வூட்டுக்குப் போயிடுவேன்."

இந்தத் தன்னம்பிக்கையை மெச்சி அவரை மூலப்பொருள் துறையின் களப்பணியாளராக நியமித்தோம். சொந்தமாக விசில் வைத்திருந்தது கூடுதல் தகுதி.

அடுத்து மூலப்பொருள் ஆலோசனைக் கூட்டம். டீ வந்த பிறகு கூட்டம் தொடங்கியது. மெமரிக்கு ஆதாரம் சிலிகான் என்றும், அது மணலில் இருக்கிறது என்றும் இயக்குநர் அறிவித்தார். "மணலா? இதோ வரேன்" என்று எழுந்து போன வேடியப்பன், சாயங்காலம் ஒரு டிராக்டர் ஆற்று மணலோடு, விசில் அடித்துக்கொண்டே திரும்பினார். இயக்குநர் மணலைக் கையில் அள்ளி, கண்களில் நீர் மல்கப் பார்த்தார். காற்று அடித்ததால் அந்த நீர் இன்னும் பெருகியது.

"இதை உருக்கணும்" என்றார்.

"எவ்ளோ சூடு சார்?" என்று கேட்டார் வேடியப்பன்.

"ஆயிரத்து நானூறு டிகிரி."

வேடியப்பன் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "நம்ம ஊர்ல கத்திரி வெயில்லயே நாப்பத்திரண்டுதான் சார் வரும். கொஞ்சம் கம்மியாத்தான் இருக்குது."

இயற்கை ஒத்துழைக்காததால் அந்த வழி கைவிடப்பட்டது.

அப்போதுதான் எங்களுக்கு 'மாவட்ட நினைவூட்டல் அலுவலகம்' கண்ணில் பட்டது. வேங்கிக்காலில் எத்தனையோ அலுவலகங்கள் இருந்தாலும் இதன் மகிமை தனி. ஒரு துறை இன்னொரு துறைக்குக் கடிதம் எழுதி, பதில் வராவிட்டால் 'நினைவூட்டு' அனுப்புவார்கள் அல்லவா? அந்த நினைவூட்டுக்கும் பதில் வராதபோது, மொத்தமாக எல்லாருக்கும் நினைவூட்டுவதற்கென்றே ஏற்பட்ட அலுவலகம் அது. அதன் கண்காணிப்பாளர் சகாதேவன் அவர்கள், விதி என்றால் உயிரை விடுவார். மற்றபடி எதையும் விடமாட்டார்.

அந்த அலுவலகத்துக் கம்ப்யூட்டர்கள் மெதுவாக ஓடின. மெதுவாக ஓடுபவற்றை விதிப்படி 'கழிவு' என்று ஏலம் விட்டார்கள். நாங்கள் பின்வாசல் வழியாகப் போய்க் கிலோ கணக்கில் எடுத்தோம். உள்ளே இருந்த மெமரிப் பட்டைகளைப் பிடுங்கி, பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, 'மறவேல்' என்ற லேபிளை ஒட்டி, முன்வாசல் வழியாகப் போய் ஒன்று ஒன்றாக விற்றோம். அவற்றை மிச்சமிருந்த கம்ப்யூட்டர்களில் மாட்டினார்கள். அவையும் மெதுவாக ஓடின. ஆகவே அவையும் பின்வாசலுக்கு வந்தன.

என்னுடைய விசிட்டிங் கார்டில் ஒரு பக்கம் 'கொள்முதல்' என்றும் மறுபக்கம் 'விற்பனை' என்றும் அச்சடித்திருந்தது. பின்வாசலில் ஒரு பக்கம் காட்டுவேன். கட்டடத்தைச் சுற்றி நடந்து வந்து முன்வாசலில் மறுபக்கம் காட்டுவேன். ஜப்பான்காரன் கப்பலில் ஏற்றிக் கடல் தாண்டிக் கொண்டுபோவதை நாங்கள் ஒரு வேப்பமரத்தைத் தாண்டிக் கொண்டுபோனோம். போக்குவரத்துச் செலவு ஒரு டீ.

ஆனால் பெரிய நிறுவனம் ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கக்கூடாது. ஆகவே பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் ஒரு கடை போட்டோம். 'மெமரி சிப்ஸ். 64 எம்.பி. ராம்' என்று பேனர் கட்டினோம். மக்கள் வெள்ளம் வந்தது.

"சிப்ஸு வாழக்காயா, உருளக்கெழங்கா?" என்று கேட்டவர்கள் பாதிப் பேர். "சிவன் ஊர்ல வந்து ராம் விக்கறியே, இது நல்லாவா இருக்குது?" என்று கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் மீதிப் பேர். எங்கள் வேடியப்பனுக்கே ஒரு சந்தேகம் இருந்தது. "சார், தமிழ்நாட்டுக்கே முப்பத்தொம்போது எம்.பி.தான். நாம எப்பிடி சார் அறுவத்து நாலு எம்.பி.ய ஒரே பட்டையில அடைச்சோம்?"

பக்கத்தில் மோரும் சுண்டலும் விற்றுக்கொண்டிருந்த அம்மாளுக்கு மட்டும் கூட்டம் மொய்த்தது. அவர் பெயர் சந்திரம்மாள். அந்த ஊர் மகளிர் குழுவின் தலைவி. கூட்டம் ஓய்ந்ததும் எங்கள் பக்கம் திரும்பினார்.

"இன்னா தம்பி விக்கறீங்க?"

"ஞாபகம்மா."

"அது எனக்கு ஜாஸ்தியாவே இருக்குது. கம்மி பண்றதுக்கு ஏதாச்சும் வச்சிருக்கீங்களா? எங்க வூட்டுக்காரரு பேசினதையெல்லாம் அழிக்கணும்."

இல்லை என்றோம். அவர் ஆளுக்கு ஒரு மோர் கொடுத்தார். "எம்பொண்ணு கவிநிலா எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடிச்சிட்டு வூட்ல குந்திகினு இருக்கறா. உங்க கம்பெனியில வேல போட்டுக் குடுப்பீங்களா?" என்று இயக்குநரிடம் கேட்டார்.

இயக்குநர் அந்த அம்மாளின் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுகல் கம்மல், டியூப்லைட் வெளிச்சத்தில் மின்னிற்று. தொலைநோக்கு உள்ளவர்களுக்குக் கிட்டத்துப் பொருளும் நன்றாகத் தெரியும்.

"மெமரிக்குள்ள தலமுடியவிட மெல்லிசா தங்கக் கம்பி போகுதும்மா" என்றார் குழைந்து. "தங்கந்தான் எங்களுக்கு மூலப்பொருள். உங்க குழுவுல ஆளுக்கு ஒரு ஜதை கம்மல் குடுங்க. உங்க பொண்ணுக்கு வேல. மத்தவங்க வூட்டுப் பொண்ணுங்களுக்கும் ஒவ்வொருத்தரா வேல. ஒரே வருஷத்துல கம்மல் ரெட்டிப்பா திரும்பி வரும்."

இப்படித்தான் 'மூலப்பொருள் பங்காளர் திட்டம்' பிறந்தது. சந்திரம்மாள் ஓர் இரவு முழுக்க யோசித்தார். மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த இரண்டு வருஷம் அவரை யோசிக்க விடவில்லை. விடிந்ததும் தன் கம்மலை முதலில் கழற்றினார். தலைவி கழற்றியதைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். ஓட்டை தூர்ந்துபோகாமலிருக்க வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டார்கள். நாட்டின் தொழில் வளர்ச்சிக்குக் கை கொடுத்தவர்கள் உண்டு, தோள் கொடுத்தவர்கள் உண்டு. காது கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

தங்கத்தை எங்கே பொருத்துகிறோம் என்று இயக்குநரிடம் ஒரு தொழில்நுட்ப ஆர்வத்தில் கேட்டேன். "பொருத்த வேண்டிய எடத்துல பொருத்தியாச்சு பிரகாஷு" என்றார். பெரியவர்கள் சுருக்கமாகத்தான் பேசுவார்கள்.

கவிநிலா வேலைக்கு வந்தாள். அவளுக்காகவே 'தூசியில்லா அறை' அமைத்தோம். வெள்ளை அங்கி, வெள்ளைத் தலையுறை, வாய்க்கு வெள்ளைத் துணி, கண் மட்டும் வெளியே. செருப்பை வெளியே விட வேண்டும். பேசக்கூடாது; பேசினால் எச்சில் தெறிக்கும். எல்லாரும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தலை குனிந்து ரப்பரால் தேய்ப்போம்.

கிரிவலத்துக்கு வந்த ஒரு ஜெர்மன் அம்மாள், கீழே சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும்வரை மாடியேறி நின்று, ஜன்னல் வழியே இதைப் பார்த்திருக்கிறார். வெள்ளுடை, மௌனம், குனிந்த தலை. மறுநாள் அவரும் வெள்ளுடையில் வந்து மூலையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வாரம் ஏழெட்டுப் பேர். நான் அவர்களிடம் இது மெமரி ஆலை என்று விளக்கினேன். "நினைவுகளைத் துடைக்கிறீர்கள். புரிகிறது" என்று கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார் ஒருவர். துரத்தலாமா என்று இயக்குநரைக் கேட்டேன். "சேச்சே, குந்தட்டும். வெளிநாட்டு முதலீடு" என்றார்.

ஆயுத பூஜை வந்தது. முறைப்படி கவிநிலா ரப்பர், திருப்புளி, தராசு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். அன்று அனுப்ப வேண்டிய மெமரிப் பட்டைகளின் பின்புறத்திலும் சந்தனம் தொட்டு, மேலே குங்குமம் வைத்தாள். அப்படியே மங்களகரமாக முன்வாசல் வழியாக விற்பனையாகிவிட்டன.

பிறகு 2000ஆம் ஆண்டு பிறந்தது. அந்த நள்ளிரவில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சித்தம் கலங்கிவிடும் என்று உலகமே அஞ்சியது நினைவிருக்கலாம். நினைவூட்டல் அலுவலகத்தில் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததே சந்தேகத்துக்குரியது என்று சகாதேவன் அவர்கள் குறிப்பு எழுதி, அத்தனையையும் கழிவு என்று அறிவித்தார். நான் பின்வாசலுக்குப் போனேன்.

கவிநிலா ஒரு பட்டையைத் தேய்க்கக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். தூசியில்லா அறையின் சரித்திரத்தில் முதல்முறையாக வாய் திறந்து பேசினாள்.

"சார், இது நான் வச்ச பொட்டு."

இன்னொன்றை எடுத்தாள். அதிலும் பொட்டு. மூட்டை முழுக்கப் பொட்டு.

"இது நாம வித்ததாச்சே சார்? நாம செஞ்சது எங்க? எங்கம்மா கம்மல் எங்க?"

"மௌனம்!" என்றார் இயக்குநர். ஜெர்மன் அம்மாள் தலையசைத்து ஆமோதித்தார்.

மறுநாள் மகளிர் குழு மொத்தமும் மாடியேறி வந்தது. அந்தப் பெண்களின் ஒழுங்கை நான் பாராட்டியே ஆகவேண்டும். வாசலில் 'செருப்பைக் கழற்றவும்' என்று எழுதியிருந்ததைக் கவிநிலா படித்துச் சொன்னாள். எல்லாரும் கழற்றினார்கள். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள்.

உள்ளே பார்த்தால் வரிசையாக வெள்ளை அங்கி, வெள்ளைத் தலை, வெள்ளை வாய். எது நான், எது வெளிநாட்டு முதலீடு, எது இயக்குநர் என்று யாருக்கும் தெரியாது. கால் பக்கம் பார்த்து அடையாளம் காணலாமென்றால் எல்லாரும் கால்களை மடித்துச் சம்மணமிட்டிருந்தோம். சந்திரம்மாள் நடுவில் நின்று உரக்க ஒரு சத்தம் போட்டார். "எவன்டா எங்க கம்மல எடுத்தவன்?"

வெள்ளைக்காரர்கள் பதறிக் கண் திறந்தார்கள். வேடியப்பன் பயத்தில் விசில் அடித்துவிட்டார். ஒரே ஒருவர் மட்டும் அசையாமல், இன்னும் இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டு ஆழ்ந்த சமாதியில் இருந்தார்.

"இவருதாண்டி" என்றார் சந்திரம்மாள், செருப்பின் நுனியால் தோளைத் தட்டி.

இயக்குநர் கண் விழித்தார். பதற்றமே இல்லை. பொட்டு வைத்த ஒரு பட்டையை எடுத்து, அதன் ஓரத்தில் மஞ்சளாக மின்னிய வரிசையைக் காட்டினார். "பாருங்கம்மா, பளபளன்னு. உங்க கம்மல்தான்."

"என் கம்மல்ல ஏழு கல்லு இருந்துச்சே. கல்லு எங்க?"

"கல்லும் மண்ணும் ஒண்ணுதாம்மா. மண்ணுல இருந்துதான் சிலிகான். கல்லுதான் மெமரி ஆயிடுச்சு."

சந்திரம்மாள் செருப்பைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து இயக்குநர் தலையைப் பொத்திக்கொண்டார். அவர் அடிக்கவில்லை. குனிந்து அந்தப் பட்டையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். மாடிப்படியில் இறங்கும்போது பின்னால் வந்த பெண் ஒருத்தி, "நீ கழட்டுனதாலதான் நாங்களும் கழட்டுனோம்" என்றாள். சந்திரம்மாள் முந்தானை முடிச்சை இன்னும் இறுக்கிக்கொண்டு இறங்கினார்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தார்கள். அது எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று யாருக்கும் விளங்கவில்லை. மனுவில் 'மெமரி' என்ற சொல் இருந்ததால் நினைவூட்டல் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது. விசாரணை அதிகாரி சகாதேவன் அவர்கள்.

விசாரணையன்று கவிநிலா ஆதாரத்தை மேசைமேல் வைத்தாள். "சார், ஆயுத பூஜைக்கு நான் வச்ச குங்குமம் இது. உங்களுக்கு வித்த சரக்குதான் எங்களுக்குத் திரும்பி வந்திருக்குது. பாருங்க."

சகாதேவன் அவர்கள் குங்குமத்தைப் பார்த்தார். உடனே எழுந்து செருப்பைக் கழற்றினார். பட்டையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மோதிர விரலால் குங்குமத்தை முழுக்க வழித்து நெற்றியில் இட்டுக்கொண்டார்.

"எந்தக் கோயில் பிரசாதம்மா?" என்று கேட்டார். "சரி, ஆதாரம் ஏதாச்சும் இருந்தா காட்டுங்க."

ஆதாரம் அவர் புருவ மத்தியில் இருந்தது. அதைப் பிடித்து இழுக்க விதியில் இடமில்லை.

விசாரணை முடிவு பத்து நாளில் வந்தது. கொள்முதல் அதிகாரி என்ற முறையில் நான்தான் அடி அண்ணாமலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவிநிலா வாங்கிப் படித்தாள். 'நினைவகத் தயாரிப்புக்குத் தேவைப்படுவது முற்றிலும் தூய தங்கம். தாங்கள் வழங்கியதோ செம்பு கலந்த நகைத் தங்கம். இத்தகைய மட்டமான மூலப்பொருளை வழங்கி நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு ஊறு விளைவித்தமைக்காகத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?' கீழே கையெழுத்து, சீல்.

கவிநிலா அழுதுவிட்டாள். சந்திரம்மாள் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே, "அந்த மட்டம்னு போட்டிருக்கறத இன்னொரு வாட்டி படி" என்றார். படித்தாள். "சீல் இருக்குதா?" இருந்தது. தேங்காயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

அன்று மத்தியானமே குழு முழுவதும் முன்வாசல் வழியாக நினைவூட்டல் அலுவலகத்துக்குள் நுழைந்தது. என்னையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"சார், மளிகைக் கடையில அரிசி மட்டமா இருந்தா இன்னா செய்வீங்க?" என்று கேட்டார் சந்திரம்மாள்.

"திருப்பிக் குடுப்போம்" என்றார் சகாதேவன்.

"எங்க தங்கம் மட்டம்னு நீங்களே சீல் போட்டு எழுதியிருக்கீங்க. அப்ப திருப்பிக் குடுங்க."

சகாதேவன் அவர்கள் திகைத்தார். அவர் முகத்தில் விதியும் வேறு ஏதோ ஒன்றும் மல்லுக்கட்டின. விதி ஜெயித்தது. "நிராகரிச்ச பொருள் கொடுத்தவங்களுக்கே திரும்பணும். அது சரிதான். ஆனா பொருள் இப்ப எங்க இருக்குதுன்னு தெரியணும்மா. அதுக்குக் கடிதம் எழுதணும். பதில் வராது. நினைவூட்டு போடணும். அதுக்கும் பதில் வராது..."

அப்போது கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவி ராணியம்மாள், சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தார். ஜன்னல் வெயில் அவர் காதில் பட்டது. ஏழு கல்லும் மின்னின.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் தூசியில்லா அறையில்கூட அப்படி ஒரு மௌனத்தை நான் கண்டதில்லை.

"கடிதம் வேணாம் சார்" என்றார் சந்திரம்மாள். "நீங்க மட்டம்னு எழுதின சரக்கு உங்க வூட்டம்மா காதுல இருக்குது."

"இன்னாது, மட்டமா?" என்றார் ராணியம்மாள். நோட்டீஸைப் பிடுங்கிப் படித்தார். கணவரின் கையெழுத்தைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். "கல்யாண நாளுக்குப் புதுசா செஞ்சேன்னு சொன்னியே! செம்பு கலந்த சரக்க மாட்டிக்கினா நான் மூணு விசேஷத்துக்குப் போயிட்டு வந்தேன்?" கம்மலைக் கழற்றி மேசைமேல் அறைந்தார். கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சகாதேவன் அவர்களுக்கு அன்று சாப்பாடு இல்லை.

இந்தச் செய்தி, அலுவலர் குடியிருப்புக்கு ராணியம்மாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் தலைமை எழுத்தர் வீட்டிலிருந்து ஒரு ஜதை, ஏலப் பிரிவு வீட்டிலிருந்து ஒரு ஜதை, கொள்முதல் குழு வீடுகளிலிருந்து வரிசையாக ஜதைகள் வந்து மேசையில் விழுந்தன. அரசாங்க சீலே மட்டம் என்று சொன்னதை மாட்டிக்கொள்ள எந்த மனைவியும் சம்மதிக்கவில்லை. மகளிர் குழுப் பெண்கள் வேப்பங்குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவரவர் கம்மலை அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். மாடிப்படியில் பேசிய அந்தப் பெண்ணே சந்திரம்மாளுக்குத் திருகாணியைத் திருகிவிட்டாள்.

கவிநிலா கீழ்பென்னாத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து நன்றாக இருக்கிறாள். அன்பரசன் அவர்கள் இப்போது கல்லூரி கல்லூரியாகப் போய்த் தொழில்முனைவு பற்றிப் பேருரை ஆற்றுகிறார். சகாதேவன் அவர்களுக்குப் பதவி உயர்வோடு இடமாற்றம்.

செமிகண்டக்டருக்குத் தமிழில் 'குறைக்கடத்தி' என்று பெயர் வைத்திருப்பதைச் சமீபத்தில்தான் ஒரு பாடப்புத்தகத்தில் பார்த்தேன். அறிஞர்கள் மன்னிக்க வேண்டும். எங்கள் நிறுவனத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. நாங்கள் எதையும் குறையாகக் கடத்தியதில்லை.